மனநோயாளர் காப்பகங்களும் ஆலயங்களின் அறக்கடனும்

ஆலயத் திருவிழா என்பது ஊர் கூடும் நாள். வேலை தேடிப் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோரெல்லாம், கொடியேற்றத்திற்கு இல்லாவிடினும் இரத ஊர்வலத்திற்காவது செர்டாங் வட்டாரத்திற்குத் திரும்பி வருவர். உற்றார் உறவினர் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்வர். அவ்வேளையில் சில பெயர்கள் மட்டும் எவர் வாயிலும் வருவதில்லை. ஒரு காலத்தில் மனம் பேதலித்து, எங்கோ ஒரு மருத்துவமனையிலோ காப்பகத்திலோ சேர்க்கப்பட்டு, அங்கேயே பல்லாண்டுகளைக் கழித்துவிட்டவர்களின் பெயர்கள் அவை.

உடல்நோய் கண்டவரைப் பார்க்கப் பழங்களுடன் செல்லும் சமுதாயம், மனநோய் கண்டவரைப் பார்க்கத் தயங்குகிறது. அவர் வாழும் இல்லத்தின் பெயரைச் சொல்லவும் கூசுகிறது. இத்தயக்கத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. மனநோயாளர் காப்பகங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். ஒரு காப்பகம் நல்லதாக விளங்குவதும் கொடியதாக மாறுவதும் அதன் சுவர்களாலும் கட்டில்களாலும் மட்டும் முடிவாவதில்லை. வெளியே இருப்போர் அதனோடு எத்தகைய உறவு வைத்திருக்கின்றனர் என்பதாலேயே பெரிதும் முடிவாகிறது.

திருமுக்கூடலில் எரிந்த விளக்கு

நோயுற்றோரைத் தங்கவைத்துப் பேணும் பணி தமிழரின் ஆலயங்களுக்குப் புதியதன்று. காஞ்சிபுரம் வட்டாரத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் ஆலயத்தில், சோழப் பேரரசர் வீரராசேந்திரர் காலத்துக் கல்வெட்டொன்று காணப்படுகிறது. கி.பி. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அக்கல்வெட்டு, ஆலயத்தோடு இணைந்து நடைபெற்ற கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் மருத்துவமனையையும் விரிவாகக் கூறுகிறது.

‘வீரசோழன்’ என்று பெயரிடப்பெற்ற அம்மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. நோய் நாடும் மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்டிர், நாவிதர், தண்ணீர் சுமப்பவர் என ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் வழங்கவேண்டிய நெல்லும் காசும் வரையறுக்கப்பட்டிருந்தன. நோயாளிக்குரிய அரிசியும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளும் குறிக்கப்பட்டிருந்தன. இரவில் அங்கு எரியவேண்டிய விளக்குக்கான எண்ணெயையும் அக்கல்வெட்டு மறக்கவில்லை.

அது மனநோயாளருக்கென்று தனியே அமைந்த சாலையன்று. எனினும் அதன் ஏற்பாட்டில் ஒரு பாடம் உண்டு. திருவிழா நாளில் மட்டும் அள்ளிக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் தருமமாக அது அமையவில்லை. நாவிதரின் கூலி முதல் விளக்கெண்ணெய் வரை ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டுக் கல்லில் பொறித்த கடப்பாடாக அமைந்தது.

கீல் நகரத்து வீடுகள்

வழிபாட்டுத் தலமொன்று மனநோயாளரின் புகலிடமாக மாறிய வரலாறு ஐரோப்பாவிலும் உண்டு. பெல்ஜியம் நாட்டின் கீல் என்னும் ஊரில் புனித திம்ப்னாவுக்கு எழுப்பப்பட்ட தேவாலயத்தை நாடி, இடைக்காலத்தில் மனநோயாளர் பலர் அழைத்து வரப்பட்டனர். தேவாலயத்தில் இடம் போதாதபோது, ஊர் மக்கள் அவர்களைத் தத்தம் வீடுகளில் தங்கவைத்தனர். வந்தவர்கள் குடும்பத்தாரோடு உண்டு, வயலிலும் அடுக்களையிலும் இயன்ற வேலையைச் செய்து வாழ்ந்தனர். 1938ஆம் ஆண்டில் அவ்வாறு வாழ்ந்தோர் தொகை ஏறத்தாழ 3,700 ஆகும். பிற்காலத்தில் மருத்துவர்களின் மேற்பார்வையும் அரசின் உதவித்தொகையும் சேர்ந்தன. தொகை வெகுவாகக் குறைந்துவிட்டபோதிலும் அவ்வழக்கம் இன்றும் நிலைத்துள்ளது.

தஞ்சோங் ரம்புத்தான்

மனநோயாளரைத் தனியிடத்தில் அடைத்துவைக்கும் பெரிய நிலையங்கள், ஆங்கிலேயர் ஆட்சியோடு தமிழர் வாழும் நாடுகளுக்கு வந்தன. சென்னையில் 1794ஆம் ஆண்டிலேயே அத்தகைய காப்பகமொன்று தொடங்கப்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். மலாயாவில் அம்முறையின் பேருருவமாக எழுந்தது, பேராக் மாநிலத்தின் ஈப்போவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையாகும்.

1911ஆம் ஆண்டில் 280 படுக்கைகளுடன் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை, 544 ஏக்கர் நிலப்பரப்பில் ஒரு தனி ஊராகவே வளர்ந்தது. காய்கறித் தோட்டங்களும் தொழிற்கூடங்களும் அங்கு இருந்தன. நோயாளிகள் அவற்றில் வேலை செய்தனர். கூட்டு மலாய் மாநிலங்களுக்கென அமைக்கப்பட்டதாயினும், பின்னாளில் கெடா உள்ளிட்ட வட மாநிலத்து நோயாளரும் அங்கேயே அனுப்பப்பட்டனர். தென் மாநிலத்தவர்க்கு ஜொகூர் தம்போயில், 1930களில் மற்றொரு மருத்துவமனை எழுந்தது.

கெடாவின் தென்கோடியில், பினாங்கும் பேராக்கும் தொட்டுக்கொள்ளும் மூலையில் இருப்பது செர்டாங். அதைச் சூழ்ந்த ரப்பர் தோட்டங்களுக்கும் ஈப்போவுக்கும் இடையே உள்ள தொலைவு, அந்நாளைய தொழிலாளிக்கு எளிதில் கடக்கக்கூடியதன்று. தோட்டத்தில் ஒருவருக்கு மனநோய் கண்டால், முதலில் பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டுவர். அதற்கும் அடங்காவிடின் தோட்ட மருத்துவமனையின் டிரசரிடம் கொண்டுசெல்வர். அவராலும் இயலாதபோது காவல் நிலையமும் அரசு மருத்துவமனையுமாகச் சுற்றி, இறுதியில் தஞ்சோங் ரம்புத்தானில் முடியும். போனவரைப் பார்த்துவர வேண்டுமெனில் பால்மரம் வெட்டும் கூலியை இழந்து, பாரிட் புந்தாருக்குச் சென்று ரயிலேற வேண்டும். ஒருமுறை போவர், இருமுறை போவர், பிறகு போக்குவரத்து நின்றுவிடும்.

தொடக்க காலத்தில் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் குடும்பத்தை விட்டுத் தனித்து வந்த ஆடவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அவர்களுள் ஒருவருக்கு நோய் கண்டால் விசாரிக்க எவருமில்லை. கிராணியின் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டதோடு அவர் வரலாறு முடிந்துபோகும். அவரது சொந்த ஊரில் தாய் கடிதத்திற்குக் காத்திருந்திருப்பாள்.

ஊர்ப்பெயரே காலப்போக்கில் ஏச்சாகிவிட்டது. ஒருவர் கோணலாக ஏதேனும் பேசினால், ‘இவரைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு’ என்று கேலி பேசுவது மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி இந்நாட்டாரின் வழக்கமாயிற்று. சுதந்திரத்திற்குப் பின் அம்மருத்துவமனைக்கு மகிழ்ச்சி எனப் பொருள்படும் ‘பஹாகியா’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறியும் கேலி மாறவில்லை.

விநியோகம் அற்றுப்போனபோது

ஒரு காப்பகம் வெளியுலகை எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது என்பதை ஜப்பானியர் ஆட்சிக்காலம் காட்டியது. 1942 முதல் 1945 வரை மலாயாவெங்கும் அரிசியும் மருந்தும் கிட்டாமற்போயின. வெளியில் இருந்தோர் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர்பிழைத்தனர். மதிலுக்குள் இருந்தோருக்கு அதனைத் தேடிச்செல்லும் வாய்ப்பும் இல்லை. தஞ்சோங் ரம்புத்தானில் பசியாலும் நோயாலும் பலர் மடிந்தனர். சிங்கப்பூர் உட்பிரிட்ஜ் மருத்துவமனை நோயாளிகளுள் பலர் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் உயிருடன் திரும்பவில்லை. சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட தமிழருக்கு நினைவுச்சின்னம் எழுப்பக் குரல் கொடுப்போர் உளர். காப்பகங்களில் பட்டினியால் மாண்டோரை நினைப்பார் அரியர்.

மருந்து வந்தது, வீடு வரவில்லை

1952ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்திப் பலன் கண்டனர். இல்லாத குரல்கள் கேட்பதும், எல்லாரும் தனக்குப் பகைவர் என்னும் ஐயமும் பலருக்கு அடங்கின. கட்டிவைத்தும் பூட்டிவைத்தும் காத்தவர்களை மருந்தால் அமைதிப்படுத்த முடிந்தது. 1958ஆம் ஆண்டில் பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு தொடங்கப்பட்டதையடுத்து, பிற மாநில மருத்துவமனைகளிலும் அத்தகைய பிரிவுகள் படிப்படியாக எழுந்தன. இன்று செர்டாங் வாசிகள் சிகிச்சைக்காக ஈப்போ செல்லவேண்டியதில்லை. சுங்கைப் பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் மனநல மருத்துவர்கள் உள்ளனர். மனநோய் கண்டவருள் மிகப் பெரும்பாலோர் மருந்து உண்டு, வீட்டிலிருந்தே வேலைக்குச் சென்று வாழ்கின்றனர்.

ஆயினும் ஒரு சிறு பிரிவினர் எஞ்சுகின்றனர். மனச்சிதைவு போன்ற கடும் நோய் பெரும்பாலும் இளமைப் பருவத்திலேயே தாக்குகிறது. படிப்பும் வேலையும் திருமணமும் தடைப்படுகின்றன. தாய் தந்தையர் உள்ளவரை வேளைக்கு உணவும் மருந்தும் கிடைக்கும். அவர்கள் மறைந்தபின் யார் பார்ப்பது என்பதே கேள்வி. நோய் தணிந்தும், தனித்து வாழும் ஆற்றலின்றி, திரும்பிச்செல்ல முகவரியுமின்றி இருப்போருக்கு நெடுங்காலக் காப்பகம் தேவைப்படுகிறது.

கெடாவின் தோட்டப்புறங்களில் இக்கேள்வி மேலும் கூர்மையடைந்தது. தோட்டத்து லயத்தில் ஒருவர் மனம் பேதலித்துத் திரிந்தாலும் அவரை அறியாதவர் இல்லை. அடுத்த வீட்டு அம்மா சோறு போடுவார். கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்ளலாம். வழிதவறினால் எவரேனும் கைப்பிடித்து அழைத்துவருவர். அது சிகிச்சையன்று, சில வேளைகளில் கொடுமையும் நேர்ந்ததுண்டு. ஆயினும் அவர் ஊரில் ஒருவராக இருந்தார். தோட்டத் துண்டாடலும், பின்னர் தோட்ட நிலங்கள் செம்பனைக்கும் தொழிற்பேட்டைக்கும் வீடமைப்புக்கும் மாறியதும் அந்த லயங்களைக் கலைத்தன. மலிவுவிலை அடுக்குமாடிக்குக் குடியேறிய குடும்பத்தில் கணவனும் மனைவியும் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். நோயுற்ற அண்ணனையோ அத்தையையோ பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அன்பு குறைந்ததன்று காரணம். ஆள் குறைந்ததே காரணம். இந்நிலையிலேயே குடும்பங்கள் காப்பகங்களின் கதவைத் தட்டுகின்றன.

ஏர்வாடியில் எரிந்த கொட்டகை

கதவைத் தட்டும் குடும்பம், அக்கதவுக்குப் பின்னால் இருப்பதை அறியாவிடின் நேர்வது என்ன? தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி இதற்கு விடை கூறும். அங்குள்ள தர்கா, மனநோய் தீர்க்கும் தலமெனப் பெயர்பெற்றது. இந்துக்களும் இஸ்லாமியரும் கிறித்துவரும் நோயுற்றோரை அழைத்துக்கொண்டு அங்கு சென்றனர். நெடுநாள் தங்கியிருக்க முடியாத குடும்பத்தினர், சுற்றுப்புறத்தில் எழுந்த தனியார் விடுதிகளில் பணம் கட்டி அவர்களை விட்டுச்சென்றனர்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய விடுதியொன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீயைக் கண்டும் ஓட இயலாமல் 28 பேர் கருகி மாண்டனர். இந்திய உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்விவகாரத்தை விசாரித்தது. ஏர்வாடியின் விடுதிகள் மூடப்பட்டன; அவற்றிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அரசு பொறுப்பேற்றது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது.

அவர்களை அங்கு கொண்டுசேர்த்தது பக்தி. அவர்களைக் காக்கத் தவறியது கண்காணிப்பின்மை. பக்தி ஒருவரைத் தலத்தின் வாசல்வரை கொண்டுசேர்க்கும். அதன்பின் உரிமம் உண்டா, மருத்துவர் வருகிறாரா, இரவில் கதவைத் திறக்க ஆள் உண்டா என்று கேட்பது மனிதரின் கடமை.

31 பேர் கற்பித்த பாடம்

இதனால் ஆலயத்திற்கும் மனநோய்க்கும் தொடர்பே கூடாது எனக் கொள்வது பிழையாகும். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளர் 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆய்ந்து, அதன் முடிவை 2002ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அங்கு நோயாளிகள் கட்டிவைக்கப்படவில்லை. சிறப்புப் பரிகாரம் எதுவும் செய்யப்படவில்லை. உறவினர் ஒருவரோடு தங்கி, காலையில் பூசையில் கலந்துகொண்டு, வாசல் பெருக்குதல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் போன்ற எளிய பணிகளைச் செய்தனர். சராசரியாக ஆறு வாரங்கள் தங்கியபின், நோய்க்குறிகளை அளக்கும் அளவுகோலில் ஏறத்தாழ 20 விழுக்காடு தணிவு காணப்பட்டது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

சிறிய ஆய்வாயினும் அது கூறும் கருத்து பெரிது. மருந்தை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குச் செல்க என்று அது கூறவில்லை. மரியாதையும் உறவின் அண்மையும் கையில் ஒரு வேலையும் நோயாளிக்குத் துணைநிற்கும் என்பதையே கூறுகிறது.

இதே கருத்தைச் சென்னையில் செயலாக்கிக் காட்டியோர் உளர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரெனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன், 1961ஆம் ஆண்டு முதல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். மருந்தோடு மறுவாழ்வும் தேவையென உணர்ந்து, 1984ஆம் ஆண்டில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தோற்றுவித்தார். 1993ஆம் ஆண்டில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள், தெருவில் கைவிடப்பட்ட மனநோயுற்ற பெண்களுக்காக ‘பேன்யன்’ இல்லத்தைத் தொடங்கினர். பல்லாண்டுகள் காப்பகத்தில் கழித்தவர்களை நால்வர் ஐவராக ஊருக்குள் வாடகை வீடுகளில் குடியமர்த்தி, துணைக்குப் பணியாளரை அமர்த்தும் திட்டத்தையும் அவ்வமைப்பு பின்னர் நடைமுறைப்படுத்தியது. இனி வெளியே வாழ இயலாது என்று கருதப்பட்டோர் சந்தைக்குச் சென்று காய்கறி வாங்கிச் சமைத்துண்டனர்.

மலேசியச் சட்டமும் ஆலயத்தின் கடனும்

மலேசியாவில் 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளரைத் தங்கவைத்துப் பேணும் தனியார் இல்லங்கள் உரிமம் பெறவேண்டும் என்பதும், வெளியாரைக் கொண்ட பார்வையாளர் குழுக்கள் காப்பிடங்களைச் சென்று பார்க்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடுகள். வெளிக்கண் ஒன்று உள்ளே நோக்கவேண்டும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. மனநோயால் நெடுங்காலம் பாதிக்கப்பட்டோர் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்துகொள்ளவும் வழியுண்டு.

இவ்வேளையில் ஆலய நிர்வாகங்கள் ஆற்றக்கூடிய பணிகள் சில உள. தீபாவளியன்று உணவுப் பொட்டலங்களோடு சென்று, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு தருமம் நிறைவுறுவதில்லை. முதலாவதாக, உதவி பெறும் இல்லம் உரிமம் பெற்றதா என்று கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்பது அவமதிப்பாகாது. ஏர்வாடியில் மாண்டோர்க்குச் செய்யும் மரியாதையாகும். இரண்டாவதாக, திருமுக்கூடல் கல்வெட்டைப் போல, சிறு தொகையாயினும் மாதந்தோறும் தவறாமல் வழங்குதல் வேண்டும். சவர்க்காரம், உள்ளாடை, காலணி, படுக்கை விரிப்பு ஆகியவை ஆண்டு முழுவதும் தேவைப்படுபவை. மனநோய் மருந்துகள் சிலவற்றால் உடல் எடையும் சர்க்கரையும் கூடுமாதலால், இனிப்புப் பெட்டிகளினும் பழங்களே உகந்தவை.

மூன்றாவதாக, செல்லுதல் வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் ஒருவர், தமிழறியாப் பணியாளரிடையே ஆண்டுக்கணக்கில் வாழ நேரலாம். மாதம் ஒருமுறை எவரேனும் சென்று, சாப்பிட்டீர்களா ஐயா என்று தமிழில் கேட்டால் அதற்கு ஈடான மருந்தில்லை. நான்காவதாக, நோய் தணிந்தவருக்குப் பூத்தொடுக்கவும் விளக்குத் துலக்கவும் ஆலயத்தில் வேலை தந்து, உரிய கூலியும் தருதல் வேண்டும். ஐந்தாவதாக, உரிமையுடையோர் எவருமின்றி மறைவோருக்கு இறுதிச் சடங்கைச் சமய முறைப்படி நடத்தித்தர ஆலயம் முன்வருதல் வேண்டும். வாழும்போது மறக்கப்பட்டவர், பெயர் சொல்லி நீர் வார்ப்பாரின்றிப் போதல் எந்தச் சமுதாயத்திற்கும் பெருமையன்று.

இவற்றிற்கெல்லாம் பெரும்பொருள் தேவையில்லை. ஆலய நிர்வாகக் கூட்டத்தின் பொருள்நிரலில் ஒரு வரியும், வரவுசெலவுக் கணக்கில் ஒரு பத்தியும், மாதத்தில் ஒரு பிற்பகலும் போதும். அன்று சோழநாட்டு ஆலயமொன்று, நோயாளிகள் உறங்கும் மனையில் இரவு முழுவதும் விளக்கெரிய எண்ணெய் ஒதுக்கியது. செர்டாங் முதல் சுங்கைப் பட்டாணி வரை இவ்வட்டாரத்து ஆலயங்கள் ஒவ்வொன்றும் ஒரு காப்பகத்தின் விளக்கைத் தன் பொறுப்பில் ஏற்குமாயின், அடுத்த திருவிழாவில் நலம் விசாரிப்போர் வாயில் அந்தப் பெயர்களும் இடம்பெறும்.